நான்கு குவார்க் துகளைப் பேரேட்டில் ஏற்றுவது எப்படி

நான் ஒரு அச்சகத்தில் கணக்கு எழுதுகிறவன். இருபத்தெட்டு வருஷமாக அதே மேஜை, அதே வேலை. வவுச்சரைப் பார்க்க வேண்டும், பேரேட்டில் ஏற்ற வேண்டும், மாதக் கடைசியில் டேலி ஆகிறதா என்று பார்க்க வேண்டும். இயற்பியல் பிளஸ் டூவோடு விட்டுப்போனது. புரோட்டான், நியூட்ரான் போன்றவற்றின் உள்ளே இருக்கும் அடிப்படைத் துகளுக்குக் குவார்க் என்று பெயர், அவ்வளவுதான் தெரிந்து தொடங்கினேன். ஆனாலும் ‘நான்கு குவார்க் கொண்ட புதிய துகள் கண்டுபிடிப்பு’ என்று ஒரு செய்தி வந்தால், அன்றிரவு சாப்பிட்டுவிட்டு நோட்டை எடுத்து அந்தத் துகளைக் கணக்கில் ஏற்றிப் பார்க்காமல் படுக்க மாட்டேன். கூட்டல், கழித்தல், சின்னதாக இரண்டு வகுத்தல் தெரிந்தால் போதும். எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

இந்தப் பழக்கத்தைத் தொற்ற வைத்தது என் மூத்த மகள். எம்.எஸ்ஸி. படிக்கும்போது அவள் நோட்டில் எழுத்துகளை அடித்து அடித்து எழுதியிருந்ததைப் பார்த்து, “என்னம்மா, எல்லாத்தையும் தப்பாப் போட்டுட்டியா?” என்று கேட்டேன். “இல்லப்பா, குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் கழியுது. உங்க எதிர்ப்பதிவு மாதிரிதான்” என்றாள். எதிர்ப்பதிவு என்ற சொல்லைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் நோட்டைத் தயார் செய்யுங்கள். கட்டம் போட்ட நோட்டு ஒன்று, பேனா இரண்டு. குவார்க்குக்கு நீலம், எதிர்க்குவார்க்குக்குச் சிவப்பு. முதல் பக்கத்தில் மின்னூட்ட விவரம். அப், சார்ம், டாப் ஆகிய மூன்றுக்கும் +2/3. டவுன், ஸ்ட்ரேஞ்ச், பாட்டம் ஆகிய மூன்றுக்கும் −1/3. எதிர்க்குவார்க்கு என்றால் குறியை மாற்றிக்கொள்ளுங்கள். பின்னத்தோடு மல்லுக்கட்டப் பிடிக்காதவன் நான். எல்லாவற்றையும் மூன்றால் பெருக்கிக் காசாக்கிவிடுவேன். அப் 2 காசு, டவுன் −1 காசு, புரோட்டான் 2+2−1 ஆக 3 காசு. கடைசியில் மூன்றால் வகுத்தால் செய்தியில் சொல்லும் மின்னூட்டம் வந்துவிடும். டாப் குவார்க்கை மறந்துவிடலாம், இந்தக் கணக்குகள் எதிலும் அது வராது.

இரண்டாம் பக்கத்தில் கணக்குத் தலைப்புகள். புதிய துகள் சிதைந்து எதுவாக ஆனது என்று செய்தியில் சொல்வார்களே, அந்தப் பழைய துகள்கள்தான் இவை. நிறையை எம்.இ.வி. என்ற அலகில் எழுதுகிறேன், அதாவது மில்லியன் எலக்ட்ரான்வோல்ட்.

பை பிளஸ்: அப், எதிர் டவுன். 139.57
கேயான் பிளஸ்: அப், எதிர் ஸ்ட்ரேஞ்ச். 493.68
டி பூஜ்யம்: சார்ம், எதிர் அப். 1864.84
டி பிளஸ்: சார்ம், எதிர் டவுன். 1869.66
டிஎஸ் பிளஸ்: சார்ம், எதிர் ஸ்ட்ரேஞ்ச். 1968.35
ஜே/சை: சார்ம், எதிர் சார்ம். 3096.9
புரோட்டான்: அப், அப், டவுன். 938.27
நியூட்ரான்: அப், டவுன், டவுன். 939.57

ஒரு குவார்க்கும் ஒரு எதிர்க்குவார்க்கும் சேர்ந்த துகளுக்கு மேசான் என்று பெயர். டி மேசான்களுக்கு ‘டி ஸ்டார்’ என்று ஒரு அண்ணன் உண்டு. உள்ளே அதே குவார்க்குகள்தான்; தற்சுழற்சி ஒரே பக்கமாகச் சேர்ந்திருப்பதால் எடை கூடுதல். டி ஸ்டார் பூஜ்யம் 2006.85, டி ஸ்டார் பிளஸ் 2010.26. இந்த இரண்டு எண்களும் பிறகு வேண்டியிருக்கும், ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பெயரில் ஒரு சங்கடம் இருக்கிறது. சார்ம் உள்ள மேசானுக்கும் டெட்ராகுவார்க்குக்கும் (நாலு பேர் உள்ள துகள்) ஆங்கிலத்தில் வெவ்வேறு எழுத்து. தமிழில் இரண்டுமே ‘டி’ ஆகிவிடுகின்றன. பாட்டம் மேசானும் பென்டாகுவார்க்கும் (ஐந்து பேர் உள்ள துகள்) ‘பி’யில் முட்டிக்கொள்கின்றன. அதனால் புதிய துகள்களை அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணை வைத்தே கூப்பிடுகிறேன். 3872, 2900, 4312 என்று வருகிறதே, அது வேறொன்றுமில்லை, எம்.இ.வி.யில் அந்தத் துகளின் நிறைதான். அந்த எண் ஒன்றே பாதி வவுச்சர்.

சரி, முதல் பதிவு. பழகுவதற்கு 2900 இரட்டையரைப் போல வாகான ஜோடி கிடையாது. ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் வளையத்தில் புரோட்டான்களை மோதவிடும் எல்.எச்.சி. என்ற முடுக்கியில், எல்.எச்.சி.பி. என்ற ஆய்வுக் குழுவினர் 2022 ஜூலையில் இவற்றை அறிவித்தார்கள். ஒன்று டிஎஸ் பிளஸ்ஸாகவும் பை பிளஸ்ஸாகவும் சிதைகிறது, மற்றது டிஎஸ் பிளஸ்ஸாகவும் பை மைனஸாகவும் (பை பிளஸ்ஸின் எதிர்த்துகள்: டவுன், எதிர் அப்). இரண்டாம் பக்கத்தைப் பார்த்து முதலாவதை எழுதுங்கள்:

சார்ம் (2), எதிர் ஸ்ட்ரேஞ்ச் (1), அப் (2), எதிர் டவுன் (1). கூட்டினால் 6 காசு. மூன்றால் வகுத்தால் மின்னூட்டம் +2.

நாலும் நாலு ரகம். எதையும் எதனோடும் அடிக்க வழியில்லை. இரண்டு பேர் மட்டும் உள்ள சாதாரண மேசானால் +2 மின்னூட்டத்தைக் காட்டவே முடியாது. நீங்களே முயன்று பாருங்கள், ஒரு குவார்க்கும் ஒரு எதிர்க்குவார்க்கும் சேர்ந்து அதிகபட்சம் 3 காசுதான் தேறும். ஆக, உள்ளே குறைந்தது நான்கு பேர். மற்றவர் சார்ம், எதிர் ஸ்ட்ரேஞ்ச், டவுன், எதிர் அப்: 2+1−1−2, பூஜ்யம். மின்னூட்டம் இல்லாவிட்டாலும் அங்கேயும் நாலு ரகம். அதுவும் நால்வர் அணிதான்.

எந்தப் பதிவை முடித்தாலும் ஒரு குறுக்குச் சரிபார்ப்பு செய்யுங்கள். நீலத்தின் எண்ணிக்கையிலிருந்து சிவப்பைக் கழியுங்கள். மீதி பூஜ்யமாகவோ மூன்றின் மடங்காகவோ இருக்க வேண்டும். மேசானில் 1−1. புரோட்டானில் 3. டெட்ராகுவார்க்கில் 2−2. பென்டாகுவார்க்கில் 4−1. மீதி ஒன்றோ இரண்டோ வந்தால் தப்பு உங்கள் பேனாவில்; இயற்கையில் அப்படி ஒரு துகள் தனியாக உலவாது. குவார்க்குகளுக்கு ‘நிறம்’ என்று இன்னொரு வகை மின்னூட்டமும் உண்டு. அது நிகரமாகக் கழிந்தாக வேண்டும் என்பது, குவார்க்குகளைக் கட்டிவைக்கும் வலு விசையின் சட்டம், அந்தச் சட்டத்தின் நிழல்தான் இந்த மூன்று. நாலும் ஐந்தும் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டவை என்பது 1964லேயே தெரியும். முர்ரே ஜெல்-மான் குவார்க் என்ற பெயரை அறிமுகப்படுத்திய அந்தச் சின்னக் கட்டுரையிலேயே இந்தச் சேர்க்கைகளையும் எழுதிவைத்துவிட்டார். வவுச்சர் கையில் கிடைக்கத்தான் நாற்பது, ஐம்பது வருஷம் ஆனது.

அடுத்து எதிர்ப்பதிவு. 2021இல் அதே குழு அறிவித்த 3875ஐ எடுத்துக்கொள்ளுங்கள். என் நோட்டில் அதிக ஆசையோடு எழுதிய பக்கம் இதுதான். அது டி பூஜ்யம், இன்னொரு டி பூஜ்யம், ஒரு பை பிளஸ் என்று மூன்றாகச் சிதைகிறது. எல்லாவற்றையும் கொட்டினால் ஆறு பேர்:

சார்ம், எதிர் அப்.
சார்ம், எதிர் அப்.
அப், எதிர் டவுன்.

ஒரு நீல அப்பும் ஒரு சிவப்பு அப்பும் எதிர்ப்பதிவு. இரண்டையும் அடியுங்கள். மிச்சம் சார்ம், சார்ம், எதிர் அப், எதிர் டவுன். காசு 2+2−2+1, மூன்று, மின்னூட்டம் +1. நீலம் இரண்டு, சிவப்பு இரண்டு, குறுக்குச் சரிபார்ப்பும் சரி. இரண்டு சார்ம் இருக்கிறது, அவற்றைக் கழிக்க ஒரு எதிர் சார்ம்கூட இல்லை. எந்த ஆடிட்டர் வந்தாலும் இந்தப் பக்கத்தில் கை வைக்க முடியாது.

அடித்த ஜோடி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். சிதையும்போது ஆற்றலிலிருந்து ஒரு குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் ஜோடியாகப் பிறக்கலாம். அதைத் துகளின் சொத்தில் சேர்க்கக் கூடாது. கைமாற்று வாங்கி அன்றே திருப்பிக் கொடுத்த பணத்தை வருமானத்தில் காட்டுவோமா? அதே நியாயம்.

இப்போது நான் இரண்டு ராத்திரியைத் தொலைத்த இடத்துக்கு வருகிறேன். புது ஆள் எல்லோரும் இங்கே விழுவார்கள்.

இந்த விநோதத் துகள்களில் பல, கனமான இன்னொரு துகளின் சிதைவில் பிறக்கின்றன. உதாரணம் 3872. பி பிளஸ் மேசான் சிதைந்து கேயான் பிளஸ்ஸும் 3872உம் வருகின்றன. நான் ஆர்வக்கோளாறில் அங்கிருந்தே கணக்கைத் தொடங்கிவிட்டேன். பி பிளஸ்ஸில் எதிர் பாட்டமும் அப்பும். கேயானில் அப்பும் எதிர் ஸ்ட்ரேஞ்சும். அப்படியானால் மிச்சமுள்ள துகளில் ஒரு எதிர் பாட்டமும் ஒரு ஸ்ட்ரேஞ்சும் இருக்க வேண்டுமே! ஆனால் சார்மும் எதிர் சார்மும் இருப்பதாக எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. மின்னூட்டம் டேலி ஆகிறது, ரகம் டேலி ஆகவில்லை. இரண்டு நாள் அடித்து அடித்து எழுதி, பக்கமே ஓட்டையாகிவிட்டது. மூன்றாம் நாள் மகளுக்குப் போன் செய்தேன். சிரித்தாள். “அப்பா, பி சிதையறது வலுக்குறைந்த விசையால. அங்க குவார்க் கட்சி மாறும். அந்த வரியில போய் ரகத்தைத் தேடாதீங்க.”

இதை நோட்டின் உள்அட்டையில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். வலு விசையால் நடக்கும் சிதைவில் ரகம் மாறாது. இருந்ததுதான் வெளியே வரும், கூடவே ஜோடிகள் பிறக்கலாம். வலுக்குறைந்த விசையால் நடக்கும் சிதைவில் பாட்டம் சார்மாகும், சார்ம் ஸ்ட்ரேஞ்சாகும். பி மேசான் போன்ற தாயின் வரியை விட்டுவிட்டு, விநோதத் துகள் தானே சிதையும் கடைசி வரியை மட்டும் பேரேட்டில் ஏற்றுங்கள். இதுவரை கண்டுபிடித்தவற்றில் அந்தக் கடைசி வரி வலு விசையின் வேலைதான் என்பதால் கணக்கு நிற்கும்.

தப்பைத் திருத்திக்கொண்டு 3872ஐ மறுபடி ஏற்றினேன். அது ஜே/சை, பை பிளஸ், பை மைனஸ் என்று சிதைகிறது. சார்ம், எதிர் சார்ம்; அப், எதிர் டவுன்; டவுன், எதிர் அப். எல்லாம் ஜோடி ஜோடியாக அடிபட்டு, பக்கத்தில் ஒன்றுமே மிஞ்சவில்லை. நிகர இருப்பு பூஜ்யம். பேரேட்டைப் பார்த்தால் இது சாதாரண சார்ம், எதிர் சார்ம் மேசானாகவே இருந்துவிட்டுப் போகலாம். ஜப்பானில் சுகுபா நகரத்தில் உள்ள பெல்லி ஆய்வில் 2003இல் கண்ட துகள் இது. இத்தனை வருஷமாகியும் இதன் உள்கட்டமைப்பு பற்றிய வழக்கு ஓய்ந்தபாடில்லை. எதிர்ப்பதிவில் மறைந்துகொண்ட சரக்கு, எளிதில் பிடிபடாது.

இதற்கும் 2900க்கும் நடுவில் ஒரு ரகம் உண்டு. 2013இல் பெய்ஜிங்கின் பெஸ்-3 குழுவும் பெல்லியும் அறிவித்த 3900. ஜே/சை, பை பிளஸ் என்று சிதைகிறது. சார்ம் ஜோடியை அடித்தால் மிச்சம் அப், எதிர் டவுன், மின்னூட்டம் +1. வெறும் பேரேட்டை நம்பினால் ‘இது ஒரு சாதாரண லேசான மேசான், சார்ம் ஜோடி நடுவழியில் பிறந்தது’ என்று எழுதிவிடுவோம். இங்கே கொஞ்சம் அனுபவ அறிவு வேண்டும். அப், டவுன் ஜோடிகள் சல்லிசாகப் பிறக்கும். சார்ம் கனமானது, வலு விசைச் சிதைவின் நடுவே ஒரு சார்ம் ஜோடி திடீரென்று முளைத்து, சமர்த்தாகச் சேர்ந்து ஜே/சை ஆவது நடைமுறையில் அத்தி பூத்த மாதிரி. ஆகவே ஜே/சை வெளியே வந்தால் அந்தச் சார்ம் ஜோடி உள்ளேயே இருந்தது என்று வைத்து, அடிக்காமல் விடுங்கள். மின்னூட்டத்துக்கு வேறு இருவர் தேவை. மொத்தம் நாலு.

ஐந்து பேர் கணக்கும் இதே வழிதான். ஜே/சையும் புரோட்டானுமாகச் சிதையும் 4312இல் சார்ம், எதிர் சார்ம், அப், அப், டவுன்: 2−2+2+2−1, மூன்று காசு. நீலம் நாலு, சிவப்பு ஒன்று. முடிந்தது.

பேரேட்டுக்கு அப்புறம் கழித்தல். என்னைக் கேட்டால் ருசியே இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாமல் செய்யுங்கள்.

நால்வர் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது, எப்படி இருக்கிறார்கள் என்று தெரியாது. நாலு பேரும் ஒரே அறையில் நெருக்கியடித்து இருக்கிறார்களா, அல்லது இரண்டு இரண்டு பேராகத் தனிக்குடித்தனம் நடத்திக்கொண்டு ஒரே காம்பவுண்டில் இருக்கிறார்களா? முதலாவதைக் கெட்டியான டெட்ராகுவார்க் என்பார்கள், இரண்டாவதை மேசான் மூலக்கூறு என்பார்கள். ‘டெட்ராகுவார்க் கண்டுபிடிப்பு’ என்ற தலைப்பு ஆள் எண்ணிக்கையைத்தான் சொல்கிறது. குடித்தனம் எந்த மாதிரி என்பதற்கு நீங்கள்தான் துப்புத் தேட வேண்டும்.

வழி இது. அந்த நால்வரையும் இரண்டு சாதாரண மேசான்களாகப் பிரித்து எழுதுங்கள். அந்த இரண்டின் நிறையையும் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகையை வாசற்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய துகளின் நிறையை அதோடு ஒப்பிடுங்கள். 3872க்குச் செய்து பார்ப்போம். சார்மும் எதிர் சார்மும் ஆளுக்கொரு பக்கம் போனால், டி பூஜ்யம் வகையில் ஒன்று, டி ஸ்டார் பூஜ்யம் வகையில் ஒன்று. அவற்றில் ஒன்று எதிர்த்துகள், எடையில் வித்தியாசமில்லை.

1864.84 + 2006.85 = 3871.69.

துகளின் அளந்த நிறை 3871.65. வித்தியாசம் 0.04 எம்.இ.வி.! அளவையின் பிழையே அதைவிடக் கொஞ்சம் பெரிது. முதல் தடவை இதைக் கழித்தபோது கால்குலேட்டரைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். முப்பத்தெட்டு லட்ச ரூபாய் கணக்கில் நாற்பது ரூபாய் வித்தியாசம் என்றால் சும்மா விட்டுவிடுவோமா? ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் ஒட்டிக்கொண்டிருக்கும் டியூட்ரானையே லேசான பிணைப்பு என்பார்கள், அங்கே பிணைப்பு ஆற்றல் 2.2 எம்.இ.வி. அதோடு ஒப்பிட்டால் 3872 தொட்டும் தொடாமலும் நிற்கும் ஜோடி. மூலக்கூறு என்று சொல்பவர்களின் பெரிய சாட்சி இந்தக் கழித்தல்தான். இல்லை, உள்ளே கெட்டியான சார்ம் கருவும் கலந்திருக்கிறது என்று சொல்பவர்களிடமும் நியாயம் உண்டு. புரோட்டான் மோதலில் இது தாராளமாகவே உருவாகிறது, அவ்வளவு தொளதொளப்பான ஜோடி அப்படி உருவாகுமா என்பது அவர்கள் கேள்வி.

3875க்கும் அப்படியே. டி ஸ்டார் பிளஸ் 2010.26, டி பூஜ்யம் 1864.84, கூட்டினால் 3875.10. துகள் அதற்கு 0.3 எம்.இ.வி. அளவு கீழே. 4312க்குக் கூட்டாளிகள் வேறு: சுமார் 2453 எடையுள்ள சிக்மா-சி என்ற பேரியானும் (மூன்று குவார்க் துகள்) எதிர் டி பூஜ்யமும். கூட்டினால் சுமார் 4318. துகள் சுமார் 6 கீழே. இவையெல்லாம் வாசற்படியை ஒட்டி உட்கார்ந்திருக்கும் கூட்டம்.

எல்லாமே அப்படியல்ல. 2020இல் அறிவித்த 6900 இரண்டு ஜே/சையாகச் சிதைகிறது. இரண்டு மடங்கு 3096.9 என்றால் 6193.8. துகள் அதற்கு 700க்கும் மேலே. எல்.எச்.சி.யின் சி.எம்.எஸ்., அட்லஸ் குழுக்களும் அதைப் பார்த்துவிட்டன. நாலுமே சார்ம் வகை, வாசற்படியிலிருந்து ஒரு மாடி உயரத்தில் இருக்கிறது. தளர்ந்த ஜோடிக் கதையை இங்கே சொல்வது கஷ்டம்.

கழித்தலில் இன்னொரு உபயோகமும் உண்டு. 3872இலிருந்து ஜே/சையையும் இரண்டு பையானையும் கழியுங்கள்: 3871.65 − 3096.9 − 279.14 = 495.61. மீதிப் பணம் எங்கே? சிதறி ஓடும் துகள்களின் வேகமாகப் போய்விட்டது. இந்த மீதி எப்போதும் கூட்டலாகவே இருக்க வேண்டும். கழித்தலில் வந்தால் நீங்கள் எழுதிய சிதைவு நடக்கவே முடியாது. 3875இல் மீதி வெறும் ஐந்தரை எம்.இ.வி. சொச்சம், பஸ் காசுக்குத்தான் ஆகும்.

இப்போது அந்த இரண்டாவது வகுத்தல். செய்தியில் ‘அகலம்’ என்று ஒரு எண் வரும், எம்.இ.வி.யில். புதிய துகள் தரவு வரைபடத்தில் ஒரு மேடாகத்தான் தெரியும், அந்த மேடு எவ்வளவு பரந்திருக்கிறது என்பதன் அளவு. 6.6ஐ அகலத்தால் வகுத்து, பக்கத்தில் 10⁻²² நொடி என்று போடுங்கள், அதுதான் துகளின் ஆயுள். 3872இன் அகலம் சுமார் 1.2. வகுத்தால் 5.5, அதாவது 5.5 × 10⁻²² நொடி. 2900 இரட்டையரின் அகலம் சுமார் 136. ஆயுள் அதில் நூறில் ஒரு பங்கு. கண்ணிமைப்பதோடு ஒப்பிட நான் முயல்வதில்லை, எந்த ஒப்புமையும் ஒத்துவராது. நான் இதைப் பயன்படுத்துவது வேறு வேலைக்கு. 2900க்கும் ஒரு வாசற்படி உண்டு, டி ஸ்டாரும் கே ஸ்டாரும் (கேயானின் அண்ணன்) சேர்ந்தால் 2902. ஆஹா என்று குதிக்கத் தோன்றும். அகலம் 136 உள்ள மேட்டுக்கு 2 எம்.இ.வி. நெருக்கத்தைப் பெரிதாக எடுக்கலாமா? சேலையை முழம் போட்டு அளந்துவிட்டு நூல் கணக்குப் பார்க்கிற மாதிரி ஆகிவிடும். அகலம் குறுகலாக இருந்தால்தான் வாசற்படி நெருக்கத்துக்கு மதிப்பு.

இனி கடைசிச் சோதனை: வவுச்சர் அசலா? கணக்கு டேலி ஆனதாலேயே வியாபாரம் நடந்ததாக ஆகாது. எங்கள் ஆபீசில் ஒருமுறை காகிதம் வாங்கியதாக ஒரு பில் வந்தது. எடை, விலை, வரி எல்லாம் பைசா பிசகாமல் டேலி. சரக்கு மட்டும் குடோனுக்கு வரவே இல்லை. ஏற்றியவன் நான். அந்த வருஷம் ஆடிட்டில் பட்ட அவமானம் இன்னும் மறக்கவில்லை.

துகள் உலகத்தின் அந்த பில்லுக்குத் தீட்டா பிளஸ் என்று பெயர். அதே 2003, அதே ஜப்பான், ஸ்பிரிங்-8 ஒளி நிலையத்தில் 1540இல் ஒரு மேடு. நியூட்ரானும் கேயான் பிளஸ்ஸும். எழுதிப் பாருங்கள்: அப், டவுன், டவுன், அப், எதிர் ஸ்ட்ரேஞ்ச். 2−1−1+2+1, மூன்று காசு. நீலம் நாலு, சிவப்பு ஒன்று. அப்பழுக்கில்லாத ஐவர் கணக்கு. கோட்பாட்டினர் 1997லேயே ஏறக்குறைய அந்த நிறையைச் சொல்லியும் வைத்திருந்தார்கள். அடுத்தடுத்து வேறு ஆய்வகங்களும் பார்த்ததாகச் சொன்னார்கள். 2005இல் அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வகத்தில் பல மடங்கு தரவு சேர்த்துத் தேடினார்கள், மேடு இல்லை. 2003இல் ஜப்பானிலிருந்து வந்த இரண்டு பில்களில் 3872 நின்றது, தீட்டா போனது.

அதனால் செய்தியில் மூன்று விஷயத்தைத் தேடுங்கள். முதலாவது, ஐந்து சிக்மா தாண்டியிருக்கிறதா. உண்மையில் ஒன்றுமே இல்லாதபோது தற்செயலாக அவ்வளவு பெரிய மேடு எழும் வாய்ப்பு சுமார் 35 லட்சத்தில் ஒன்று. இரண்டாவது, அடுத்த வீட்டுக்காரர் பார்த்தாரா. 2016இல் அமெரிக்காவின் ஃபெர்மிலேப் ஆய்வகத்தின் டி-ஜீரோ குழு 5568இல் நாலு ரகமும் வேறுவேறான ஒரு துகளை அறிவித்தது, எல்.எச்.சி. குழுக்கள் தேடியும் கிடைக்கவில்லை. மூன்றாவது, தரவு கூடியபோது மேடு என்ன ஆனது. இது எப்போதும் கெட்ட செய்தியாகவே முடியும் என்று நினைக்க வேண்டாம். 2015இல் எல்.எச்.சி.பி. 4450இல் ஒரு பென்டாகுவார்க்கைக் காட்டியது. 2019இல் ஒன்பது மடங்கு தரவோடு பார்த்தால் அது 4440, 4457 என்று இரண்டு மேடுகள், பக்கத்தில் புதிதாக 4312. இரண்டு பில்லை ஒரே வரியில் ஏற்றியிருந்தது தெரியவந்தது. நான் பழைய வரியை அடித்து, இரண்டு வரியாக எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டேன்.

என் நோட்டில் ஒரு பக்கம் பாதி நிரம்பி நிற்கிறது. 3875இல் சார்ம் இருக்கும் இடத்தில் பாட்டத்தைப் போட்டது: பாட்டம், பாட்டம், எதிர் அப், எதிர் டவுன். −1−1−2+1, மைனஸ் மூன்று காசு, மின்னூட்டம் −1. நீலம் இரண்டு, சிவப்பு இரண்டு. கணினியில் வெளிகாலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் போடும் லாட்டிஸ் கணக்குகள், இது வாசற்படிக்கு நூறு எம்.இ.வி. அளவுக்குக் கீழே இருக்கும் என்கின்றன. இரட்டைக் கன குவார்க் துகள்களுக்கான இந்த வகைக் கணக்கு சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்திலும் நடக்கிறது. துகளை இன்னும் யாரும் பார்க்கவில்லை, நிறைக் கட்டம் காலி.

அவ்வளவு ஆழத்தில் இருந்தால் வலு விசையால் சிதைய அதற்கு வழியே இருக்காது. வலுக்குறைந்த விசைதான் சிதைக்க வேண்டும். அப்படியென்றால் கடைசி வரியிலேயே குவார்க் கட்சி மாறும், நான் உள்அட்டையில் ஒட்டியிருக்கும் விதி அங்கே செல்லாது. மகளிடம் சொன்னேன். “அப்ப அது வர்றப்ப எனக்குப் போன் பண்ணிட்டு அப்புறம் எழுதுங்கப்பா” என்றாள். பக்கத்தின் மேலே பென்சிலால் அவள் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.